முன்னால் வாசிப்பவர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஐம்பது ஆண்டுகளாக மேடையில் இருக்கும் ஒரு ப்ளூஸ் ராக் குழுவின் நிகழ்ச்சிக்கு அண்மையில் சென்றிருந்தேன். அவர்களுக்கு முன்னால், நான் பெயரே கேள்விப்பட்டிராத ஓர் இளம் குழு முக்கால் மணி நேரம் வாசித்தது. பாதி இருக்கைகள் காலியாக இருந்தன; வந்திருந்தவர்களும் பேசிக்கொண்டிருந்தார்கள். பாடகரின் சொற்கள் தெளிவாகக் கேட்கவில்லை. மூத்தவர்கள் வந்ததும் எல்லாம் மாறிவிட்டது. அவர்கள் நிறுத்தி நிதானமாக வாசித்த விதம் இன்னும் காதில் இருக்கிறது. புகழ்பெற்ற குழு எதற்காக அறிமுகமில்லாத ஒரு குழுவைச் சுற்றுப்பயணம் முழுவதும் உடன் அழைத்துச் செல்ல வேண்டும்? அந்த நேரத்திலும் அவர்களே வாசித்தால் என்ன? அடுத்த முறை தாமதமாகச் சென்றால் எதையாவது இழப்பேனா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

இழப்பீர்கள் என்றே நினைக்கிறேன். ஏன் என்று சொல்வதற்கு முன், நீங்கள் குறிப்பிட்ட தெளிவற்ற ஒலியைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதற்கான பழி பெரும்பாலும் அந்த இளைஞர்களைச் சேராது. ஒலிச் சோதனையை முதலில் முடிப்பது முதன்மைக் குழு. அவர்களுடைய டிரம்ஸும் ஆம்ப்ளிஃபையர்களும் மேடையின் பின்பகுதியில் அப்படியே நிற்க, அவற்றுக்கு முன்னால் எஞ்சிய இடத்தில் தொடக்கக் குழு தன் கருவிகளை வைத்துக்கொள்கிறது. மூத்தவர்களின் சோதனை நீண்டுவிட்டால் இளையவர்களுக்கான நேரம் சுருங்கும். சில நாள் அது கிடைக்காமலே போகும். ஒலிகளைக் கலந்து சீராக்கும் மிக்சர் கருவியில் எல்லா அளவுகளும் முதன்மைக் குழுவுக்காகச் சரிசெய்யப்பட்டிருக்கும், விளக்குகளும் முழுமையாகத் தரப்படுவதில்லை, அரங்கில் ஆட்கள் குறைவாக இருக்கும்போது எதிரொலியும் கூடுதலாகக் கேட்கும். இவற்றில் பாதி மேடை வேலையின் தவிர்க்க முடியாத வரிசைமுறை. மீதிப் பாதி, மூத்த குழு மனம் வைத்தால் மாற்றக்கூடியது. சில சுற்றுப்பயணங்களில் முன்னால் வாசிக்கும் வாய்ப்பையே பணம் கொடுத்து வாங்க வேண்டியிருக்கிறது என்பதும் உண்மை. அந்த வழக்கத்தை நான் எந்த வகையிலும் ஏற்கவில்லை. உடன் வரும் குழுவை மூத்தவர்கள் தங்கள் காதை நம்பித் தேர்ந்தெடுக்க வேண்டும், தேர்ந்தெடுத்த பின் அவர்களுக்கு நல்ல ஒலியையும் தர வேண்டும்.

உடன் அழைத்துச் செல்வது ஏன் என்று கேட்டிருந்தீர்கள். அமெரிக்கக் கறுப்பின மக்களின் ப்ளூஸ் இசையிலிருந்து கிளைத்த ப்ளூஸ் ராக்கைப் பொறுத்தவரை, அந்த இசை ஒரு தலைமுறையிடமிருந்து அடுத்த தலைமுறைக்குச் சென்றதில் இசைத்தட்டுகளுக்கு எவ்வளவு பங்கு உண்டோ, பகிர்ந்துகொண்ட மேடைகளுக்கும் அவ்வளவு பங்கு உண்டு. பிரிட்டிஷ் குழுவான ரோலிங் ஸ்டோன்ஸ் 1963 இலையுதிர்காலத்தில் பிரிட்டனில் தங்கள் முதல் பெரிய சுற்றுப்பயணத்தில் கலந்துகொண்டபோது அவர்களின் பெயர் கலைஞர்கள் பட்டியலின் கீழ்ப்பகுதியில்தான் இருந்தது. அதே மேடையில் அமெரிக்க கிதார் கலைஞரும் பாடகருமான போ டிட்லி வாசித்தார். அவருடைய பாடல்களை வாசித்தே வளர்ந்த குழு, அவருக்கு மரியாதையாக அந்தப் பயணத்தில் அப்பாடல்களைத் தங்கள் நிரலிலிருந்து நீக்கியது. 1969இல் அமெரிக்காவில் அவர்கள் முதன்மைக் குழுவாகச் சென்றபோது முன்னால் வாசித்தவர்களில் ஒருவர் மூத்த ப்ளூஸ் கிதார் கலைஞர் பி.பி. கிங். அப்போது அவருக்கு 44 வயது, ஸ்டோன்ஸின் பாடகர் மிக் ஜாகருக்கு 26. மறு ஆண்டு ஐரோப்பியப் பயணத்தில் ப்ளூஸ் கலைஞர்களான பட்டி கை (Buddy Guy), ஜூனியர் வெல்ஸ் இருவரும் முன்னால் வாசித்தார்கள். ஆசிரியர்கள் முன்னால் வர, மாணவர்கள் பின்னால் வந்தார்கள் என்பதை நினைக்கும்போது எனக்கு ஒரு வருத்தம் உண்டு, ஏனென்றால் பட்டியலின் வரிசையைத் தீர்மானித்தது டிக்கெட் விற்பனையே தவிர இசையின் தகுதி அல்ல. ஆனாலும் அந்த அரங்குகளில் இருந்த இளைஞர்கள், தாங்கள் விரும்பிய பாடல்களின் ஊற்று எங்கே இருக்கிறது என்பதை ஒரே மாலையில் கேட்டார்கள்.

1973 ஜனவரியில் ஹவாயின் ஹொனலூலுவில் அதே ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவுக்கு முன்னால் வாசித்தது, டெக்சாஸிலிருந்து வந்த மூவர் குழுவான இசட் இசட் டாப். இரண்டு ஆல்பங்கள் மட்டுமே அப்போது வெளியிட்டிருந்தார்கள். பிற்காலத்தில் அவர்களே தங்களுக்கு முன்னால் வாசிக்க வேறு குழுக்களை அழைக்கும் மூத்தவர்களானார்கள். எல்லா மாலைகளும் இப்படி நன்றாக முடிவதில்லை. 1981 அக்டோபரில் லாஸ் ஏஞ்சலஸ் கொலிசியத்தில் ஸ்டோன்ஸுக்கு முன்னால் வாசித்த அமெரிக்கப் பாடகர் பிரின்ஸைக் கூட்டம் கூச்சலிட்டும் பொருள்களை எறிந்தும் விரட்டியது. அவர் பின்னாளில் பெரும் புகழ் பெற்றதால் அது தவறு என்று நான் சொல்லவில்லை. புகழே பெறாமல் போயிருந்தாலும் அது தவறுதான்.

முன்னால் வாசிப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் பிரின்ஸ் ஆவதில்லை, பி.பி. கிங்கும் ஆவதில்லை. நாளைய நட்சத்திரத்தை இன்றே பார்த்துவிட்டோம் என்ற பெருமைக்காக நீங்கள் நேரத்தோடு வர வேண்டியதில்லை. நான் சொல்ல விரும்பும் காரணம் வேறு, அது உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. மூத்தவர்கள் நிறுத்தி நிதானமாக வாசித்தார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த நிதானம் உங்களுக்கு அவ்வளவு துலக்கமாகக் கேட்டதற்கு, சற்று முன்பு நிதானம் கைவராத ஒரு குழுவைக் கேட்டிருந்ததும் காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். ப்ளூஸின் அடிப்படை வடிவம் பொதுச் சொத்து. பன்னிரண்டு பார்கள் (தாளச் சுற்றுகள்), மூன்று கார்டுகள் (chords, சேர்ந்து ஒலிக்கும் சுரத் தொகுப்புகள்), துள்ளி நடக்கும் ஷஃபிள் தாளம் ஆகியவை இருபது வயதுக்காரருக்கும் எழுபது வயதுக்காரருக்கும் ஒன்றே. எனவே இரண்டு தலைமுறைகளுக்கு இடையிலான வேறுபாட்டை இந்த இசையில் கேட்பதுபோல் வேறெங்கும் அவ்வளவு நேரடியாகக் கேட்க முடியாது. இளம் கிதார் கலைஞர் ஒவ்வோர் இடைவெளியையும் சுரங்களால் நிரப்பிவிடுவார், பாடகர் ஒரு வரியைப் பாடி முடிப்பதற்குள் பதில் சொல்லத் தொடங்கிவிடுவார், டிரம்ஸ் வாசிப்பவர் உற்சாகத்தில் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போவார். மூத்தவர் அதே இடத்தில் ஒற்றைச் சுரத்தை வளைத்து நிறுத்திவிட்டு, அடுத்த பார் முழுவதும் ஒன்றும் வாசிக்காமல் இருப்பார். டிரம்ஸ் அடி ஒரு மயிரிழை பின்தங்கி விழும்.

மூத்த குழுவே மூன்று மணி நேரம் வாசித்திருந்தால் உங்களுக்கு அந்த ஒப்பீடு கிடைத்திருக்காது. எழுபதைக் கடந்த குரல் இரவு மாற்றி இரவு அவ்வளவு நேரம் தாங்குவதும் கடினம்.

இளையவர்களுக்குக் கிடைப்பது இதைவிடப் பெரியது. தங்களுக்காக வராத, தங்கள் பெயர்கூடத் தெரியாத கூட்டத்தின் முன்னால் ஒவ்வோர் இரவும் நின்று, முதல் பாட்டிலேயே சிலரையாவது திரும்பிப் பார்க்க வைக்க வேண்டும் என்ற நெருக்கடி அவர்களுக்கு இருக்கிறது. அந்த நெருக்கடியை எந்த ஒலிப்பதிவுக்கூடமும் தர முடியாது. தங்கள் வாசிப்பு முடிந்ததும் மேடையின் ஓரத்தில் நின்று மூத்தவர்களைப் பார்க்கிறார்கள். எந்தப் பாட்டை எங்கே வைத்தால் கூட்டம் அமைதியாகிறது, ஒருவர் தனித்து வாசிக்கும் சோலோவை எப்போது முடிக்கிறார்கள், பிசகு நேர்ந்தால் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்பதையெல்லாம் மறுநாள் இன்னோர் ஊரில் மீண்டும் பார்க்கிறார்கள். பயணத்தின் முதல் வாரத்தில் நீங்கள் கேட்ட குழுவும் கடைசி வாரத்தில் வாசிக்கும் அதே குழுவும் ஒரே மாதிரி இருக்க வாய்ப்பில்லை.

அடுத்த முறை தொடக்கத்திலேயே சென்று, முடிந்தால் மிக்சருக்கு அருகில் நின்று கேளுங்கள்; பொதுவாக ஒலி மிகத் தெளிவாக இருக்கும் இடம் அது. பாடகரின் சொற்கள் கேட்காவிட்டால் பாஸையும் டிரம்ஸையும் மட்டும் பின்தொடருங்கள். அந்த இளம் குழுவின் பெயரை உங்கள் கடிதத்தில் குறிப்பிடவில்லை. எழுதி அனுப்பினால் நானும் தேடிக் கேட்பேன்.