வேட்டையனுக்கு விழுந்த கைதட்டல்

அன்புள்ள அக்கா,

எனக்குச் சொந்த ஊர் மார்த்தாண்டம் பக்கம், வேலை சென்னையில். 2024-ல் 'மணிச்சித்திரத்தாழ்' மலையாளப் படம் புதுப் பிரதியாக மறுபடி தியேட்டருக்கு வந்ததிலிருந்து அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தேன். போன வாரம் அறை நண்பர்களை உட்கார வைத்து டிவியில் போட்டுக் காட்டினேன். அவர்கள் மதுரை, சேலம், திருச்சிக்காரர்கள். அதே கதையைத் தமிழில் எடுத்த 'சந்திரமுகி' பார்த்து வளர்ந்தவர்கள். படம் முடிந்ததும், "இதுக்காடா இவ்வளவு பில்டப்பு? ஹீரோ வர்றதுக்குள்ள பாதிப் படம் போயிடுது, பயமும் இல்ல" என்று ஓட்டிவிட்டார்கள். "கன்னியாகுமரிக்காரனுக்கு மலையாளப் படம்னா எல்லாமே உசத்தி" என்று வேறு சொன்னார்கள். நிஜமாகவே மூலப்படம்தான் பெரிதா, அல்லது எனக்கு ஊர்ப்பாசமா? 'சந்திரமுகி'யில் அப்படி என்ன குறை? நீங்கள் எழுதினால் அவர்களுக்கு அனுப்பலாம்.

ஆர்., மார்த்தாண்டம்

அன்புள்ள ஆர்.,

ஊர்ப்பாசம் உங்களுக்கு இருக்கிறது. எனக்கும் இருக்கிறது. அதை மறைத்துக்கொண்டு நடுநிலை வேஷம் போடுவதைவிட, அந்தப் பாசம் இந்தப் படத்தில் நமக்கு எதைக் காட்டிக் கொடுக்கிறது என்று பார்ப்பது நல்லது.

முதலில் நண்பர்களின் புகார். மோகன்லால் தாமதமாக வருகிறார் என்பது உண்மை. இயக்குநர் பாசில் அதைத் தெரிந்தே செய்திருக்கிறார். அவர் நடித்த மனநல மருத்துவர் டாக்டர் சன்னி வரும்வரை மாடம்பள்ளி வீட்டில் நமக்குத் துணையாக யாரும் இல்லை. இன்னசென்டும் நெடுமுடி வேணுவும் குதிரவட்டம் பப்புவும் பயந்து சாகிறார்கள், நாம் சிரித்துக்கொண்டிருக்கிறோம். அந்தச் சிரிப்பின் மறைவில் நாயகி கங்கா (ஷோபனா) சாவியைத் தேடி, பூட்டிக் கிடக்கும் தெற்குக் கட்டான தெக்கினியைத் திறந்து, உள்ளே போய்விடுகிறாள். நாம் அவளைக் கவனிக்கவே இல்லை. சந்தேகமெல்லாம் அந்தக் குடும்பத்துப் பெண் ஸ்ரீதேவி மேல்தான் விழுகிறது. நகைச்சுவைக் காட்சிகளை வெட்டிவிட்டால் இந்தப் படத்தின் பயமும் போய்விடும். இரண்டும் ஒன்றாகப் பின்னியவை.

'சந்திரமுகி'யில் ரஜினிகாந்த் ஆரம்பத்திலேயே வந்துவிடுகிறார். சண்டை போடுகிறார், பாட்டுப் பாடுகிறார், அப்புறம் நம்மோடு அரண்மனைக்குள்ளும் வருகிறார். ஆட்டோவில் போனாலும் அம்பாசிடரில் போனாலும் ரஜினி பக்கத்தில் இருக்கும்போது யாருக்குப் பயம் வரும்? வடிவேலுவுக்கு மட்டும்தான் வரும். அவர் அதை மூன்று தலைமுறை சிரிக்கும்படி செய்து கொடுத்தார். அதில் எனக்குக் குறை ஒன்றுமில்லை. 2002-ல் வந்த 'பாபா' சரியாகப் போகாத பிறகு, 2005 சித்திரை முதல் தேதி வந்த படம் அது. கதையை அவர் அளவுக்குத் தைத்தாக வேண்டிய நிலைமை. இயக்குநர் பி. வாசு தெரிந்த தையற்காரர். அதற்கு முந்தின வருடம்தான் இதே கதையைக் கன்னடத்தில் விஷ்ணுவர்தனை வைத்து 'ஆப்தமித்ரா' என்று எடுத்து முடித்திருந்தார்.

ஆனால் தைக்கும்போது ஒரு இடத்தில் கத்திரி தவறான துணியில் பட்டுவிட்டது. அதைச் சொல்ல நம்மூர் வழியாகத்தான் போக வேண்டும்.

படத்தில் வரும் மாடம்பள்ளி ஒரே வீடு இல்லை. திருப்பூணித்துறை ஹில் பேலசும், நம் தக்கலைக்குப் பக்கத்துப் பத்மநாபபுரம் அரண்மனையும் சேர்த்து ஆக்கிய வீடு அது. 1956 நவம்பர் 1-ல் கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்தன. அரண்மனை மட்டும் இன்றைக்கும் கேரளத் தொல்லியல் துறையிடம் இருக்கிறது. ஆக, தமிழ்நாட்டு மண்ணில் நிற்கும் கேரள அரசின் கட்டடத்தில், ஒரு மலையாளத் தறவாட்டை, அதாவது பரம்பரை வீட்டை, பிடித்து ஆட்டும் தஞ்சாவூர்த் தமிழ்ப்பெண்ணின் கதையைப் படமாக்கியிருக்கிறார்கள். இதைவிடக் குமரி மாவட்டத்துக்கு நெருக்கமான பேய்க்கதை எங்கே கிடைக்கும்!

அந்த அரண்மனையின் நவராத்திரி மண்டபத்துக்குப் போயிருப்பீர்கள். கல் தூண்கள், கண்ணாடி மாதிரி கருப்புத் தரை. அந்தக் காலத்தில் நடுவில் ஆட்டம் நடக்கும். அரச குடும்பத்துப் பெண்கள் மரச் சட்டகத்தின் இடுக்கு வழியாக மறைந்திருந்து பார்ப்பார்கள். ஆடுகிறவள் வெளியே, பார்க்கிறவள் மறைவில். கங்கா அப்படி மறைவிலிருந்து பார்க்கிற பெண். கல்கத்தாவில் வேலையாக இருந்த பெற்றோர் அவளைக் கிராமத்தில் பாட்டியிடம் விட்டுவிட்டார்கள். பாட்டி சொன்ன கதைகளோடு வளர்ந்தாள். கல்யாணம் ஆன பிறகும் அவளோடு உட்கார்ந்து பேசக் கணவன் நகுலனுக்கு நேரமில்லை. அப்படிப்பட்டவளுக்கு, பூட்டிய அறைக்குள் நாகவல்லி என்று ஒரு ஆட்டக்காரி இருந்தாள், அவளை அந்த வீட்டுத் தலைவர், காரணவர் சங்கரன் தம்பி கொன்றார் என்று ஒரு கதை கிடைக்கிறது. கங்கா அந்தக் கதைக்குள் குடியேறிவிடுகிறாள்.

மலையாளப் பார்வையாளருக்கு நாகவல்லி வேற்று மொழி பேசும் ஆவி. அந்த அன்னியம்தான் அவர்களுக்கு அச்சம் தந்தது. தமிழில் எடுத்தபோது ஆவியைத் தெலுங்கு பேச வைத்தார்கள், இந்தியில் பிரியதர்ஷன் எடுத்தபோது வங்காளம் பேச வைத்தார். பேய் எப்போதும் பக்கத்து வீட்டு மொழியில்தான் பேசும்போல. ஆனால் களியக்காவிளைக்கும் நாகர்கோவிலுக்கும் நடுவில் இருக்கிறவர்களுக்கு இந்த வித்தை முழுதாகப் பலிக்காது. கங்காவின் மலையாளமும் நமக்குப் புரிகிறது, நாகவல்லியின் தமிழும் புரிகிறது. அவள் கோபத்தில் கத்தும்போது, என்ன சொல்லிக் கத்துகிறாள் என்று சப்டைட்டில் இல்லாமல் நமக்குத் தெரிகிறது. தஞ்சாவூரிலிருந்து கூட்டிவந்து, பூட்டி வைத்து, காதலனிடமிருந்து பிரித்து, கொன்றும் போட்டார்கள். அவள் கேட்பது நியாயம்தானே என்று தோன்றிவிடுகிறது. நாம் இந்தப் படத்தைப் பேயின் பக்கத்திலிருந்து பார்த்தவர்கள். ஊர்ப்பாசம் என்று உங்கள் நண்பர்கள் சொல்வதில் பாதி இதுதான்.

(அந்தக் குரல் ஷோபனாவுடையது இல்லை. கங்காவுக்குப் பாக்யலட்சுமியும் நாகவல்லிக்குத் துர்காவும் குரல் கொடுத்தார்கள். ஒரு உடம்புக்கு இரண்டு பெண்களின் குரல் என்பது இந்தக் கதைக்கு எவ்வளவு பொருத்தம்! துர்காவின் பங்கைப் பற்றிப் பாசில் வெளிப்படையாகப் பேசியதோ பல வருடம் கழித்து. ஷோபனாவுக்குத் தேசிய விருது கிடைத்தது. அது தகுதியான விருது, சந்தேகமே இல்லை.)

இப்போது உச்சக்காட்சிக்கு வாருங்கள். நாகவல்லி சங்கரன் தம்பியைக் கொல்ல வேண்டும். கொன்றால்தான் கங்கா விடுபடுவாள். மூலத்தில் வாளுக்கு முன்னால் படுக்கிறவன் நகுலன், அவளுடைய கணவன். பலகை சுழல்கிறது, பொம்மை வெட்டுப்படுகிறது, அதெல்லாம் பிறகு. மனைவியின் கோபத்துக்குக் கீழே தன் கழுத்தை வைக்க அவன் சம்மதிக்கிறான் என்பதுதான் அங்கே பெரிய விஷயம். இத்தனை நாள் அவளைக் கவனிக்காமல் விட்ட மனுஷன் அவன். வைத்தியத்தில் அவனுக்கும் ஒரு பங்கு உண்டு, அந்தப் பங்கு வசதியான பங்கு இல்லை.

'சந்திரமுகி'யில் அந்த இடத்தில் ரஜினியின் சரவணன் வந்துவிடுகிறார். கணவனாக வரும் பிரபு ஓரமாக நிற்கிறார். தன்னைக் கொல்ல வருகிறவளுக்கு எதிரே, சந்திரமுகியைக் கொன்ற அரசன் வேட்டையனின் வேஷத்தில் ரஜினி நிற்கிறார், அவள் தீ வைக்கிறாள், அவர் தப்பிக்கிறார், பொம்மை எரிகிறது. நண்பனுக்காக உயிரைப் பணயம் வைக்கும் ஒருவனின் கதையாக அது மாறிவிடுகிறது. அதுவும் நல்ல கதைதான். ஆனால் கங்காவுக்கும் அவள் புருஷனுக்கும் நடுவில் ஒரு கணக்குத் தீர வேண்டியிருந்ததே, அது தீரவில்லை.

இதையும் மன்னித்துவிடலாம். கத்திரி பட்ட துணி என்று சொன்னது வேட்டையனை. மூலத்தில் சங்கரன் தம்பி பெரும்பாலும் மற்றவர்கள் வாயால் வருகிற ஆள். அவருக்கென்று ஒரு நடை, ஒரு பாணி, ஒரு டயலாக் எதுவும் கிடையாது. பார்வையாளர் அவரை ரசிக்க வழியே இல்லை. தமிழில் வேட்டையன் சிம்மாசனத்தில் உட்கார்ந்து வருகிறான், காதலன் தலையைச் சீவுகிறான், சந்திரமுகியை உயிரோடு கொளுத்துகிறான், "லகலகலகலக" என்கிறான். தியேட்டரே எழுந்து ஆடுகிறது. இன்றைக்கும் அந்தப் படத்திலிருந்து குழந்தைகள் செய்து காட்டுவது எதை? கொலைகாரன் எழுப்பும் சத்தத்தைத்தான். எரிந்து செத்தவளுக்குப் பரிதாபம் கேட்க வேண்டிய இடத்தில் எரித்தவனுக்குக் கைதட்டல் விழுந்தது. ரஜினி அந்தச் சில நிமிடங்களில் பிரமாதமாகச் செய்திருக்கிறார், அதனால்தான் சிக்கலே. சுமாராகச் செய்திருந்தால் படம் தப்பித்திருக்கும்!

நம்மூர்க் கோயில் கொடைவிழாவில் இப்படி நடக்குமா, யோசித்துப் பாருங்கள். நீலி கதையை வில்லுப்பாட்டில் கேட்டிருப்பீர்கள், குறைந்தது உங்கள் அம்மாவாவது கேட்டிருப்பார். தன்னை நம்பி வந்த தாசிப்பெண், மடியில் தலை வைத்துத் தூங்கும்போது, நகைக்காகக் கல்லைப் போட்டுக் கொல்கிறான் ஒருவன். சாட்சிக்குக் கள்ளிச்செடி மட்டும்தான். அவள் மறுபிறவி எடுத்து, கள்ளிக்கொப்பைப் பிள்ளையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து, அவனைப் பழி வாங்குகிறாள். அப்புறம் இசக்கியாக உட்காருகிறாள். அவளைத் துரத்துவது இல்லை. படைப்பு வைத்து, இடம் கொடுத்து, சாமியாடும் கோமரத்தாடியின் உடம்பில் இறங்கிப் பேச விடுகிறார்கள். புலவர் கொலைக் கட்டத்தைப் பாடும்போது குடமும் உடுக்கும் ஏறும், பெண்கள் கண்ணைத் துடைப்பார்கள். கல்லைத் தூக்கினவனுக்கு அங்கே ஒரு கைதட்டல் கிடையாது. அவன் பாத்திரத்தை எவ்வளவு நன்றாகப் பாடினாலும் கிடையாது. அரண்மனையிலிருந்து கூப்பிடு தூரத்தில் மேலாங்கோட்டில் செண்பகவல்லி, நீலாப்பிள்ளை என்று இரண்டு இயக்கிகள் இருக்கிறார்கள். அவர்களும் அகாலமாகச் செத்த பெண்கள்தான் என்கிறது கதை.

சன்னி செய்கிற வைத்தியம் இந்தக் கொடையின் முறைதான். மனநல மருத்துவர் மந்திரவாதியிடம் உதவி கேட்டுப் போகிறார். திலகனின் பிரம்மதத்தன் நம்பூதிரி தன் கர்வத்தைக் கொஞ்சம் ஒதுக்கிவைத்து ஒத்துக்கொள்கிறார். பாதிக்கப்பட்டவள் ஆசை தீரப் பழி வாங்கட்டும், அப்புறம் இறங்குவாள் என்பது திட்டம். கதை எழுதிய மது முட்டத்தின் எழுத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். பகுத்தறிவும் ஊர் வழக்கமும் ஒன்றையொன்று கேலி செய்யாமல் ஒரு பெண்ணுக்காக ஒரே அறையில் வேலை செய்கின்றன. தமிழ்ப் பதிப்பும் இந்த அமைப்பை அப்படியே வைத்திருக்கிறது, ஆனால் கூடவே ஒரு பெரிய பாம்பையும் விட்டிருக்கிறது. எல்லாம் மனநோய் என்று டாக்டர் விளக்கி முடிக்க, அந்தப் பாம்பு பாட்டுக்கு அரண்மனையை விட்டு நகர்ந்து போகிறது. அப்படியானால் ஆவி இருந்ததா, இல்லையா? இரண்டு பக்கத்து டிக்கெட்டும் வேண்டும் என்று நினைத்தால் இப்படித்தான் ஆகும்.

ஜோதிகாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஷோபனா பரதநாட்டியக்காரர், சின்ன வயதிலிருந்து ஆடுகிறவர். அவர் கழுத்தைத் திருப்பினாலே நாகவல்லி நின்றுவிடுவாள். ஜோதிகாவுக்கு அந்தப் பயிற்சி இல்லை. அவர் கண்ணையும் மூச்சையும் வைத்துக்கொண்டே வேலையை முடித்தார். 'ரா ரா' பாட்டில் மை கலைந்த முகத்தோடு அவர் வருவது இன்றைக்கும் நிற்கிறது. குறை அவரிடம் இல்லை. சந்திரமுகி ஆவதற்கு முந்தைய கங்காவுக்குத் திரைக்கதையில் இடமே ஒதுக்கவில்லை. தெரியாத பெண் மாறினால் நமக்கு என்ன? தெரிந்த பெண் மாறினால்தான் வயிற்றில் ஏதோ செய்யும். ஷோபனா கட்டிலைத் தூக்கும் காட்சியில் உங்கள் நண்பர்களுக்குப் பயம் வரவில்லை என்றால், அவர்கள் அதற்கு முந்தின ஒன்றரை மணி நேரம் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பார்கள். விசாரித்துப் பாருங்கள்.

வித்யாசாகரின் பாடல்கள் எனக்குப் பிடிக்கும், அதில் வாக்குவாதம் வேண்டாம். ஆனால் மூலத்தின் எம்.ஜி. ராதாகிருஷ்ணனையும், பின்னணிக்கு ஜான்சனையும் இயர்போனில் ஒருமுறை கேட்கச் சொல்லுங்கள். 'ஒரு முறை வந்து பார்த்தாயா' பாட்டின் தமிழ் வரிகள் வாலி எழுதியவை என்று சொன்னால் திருச்சிக்காரர் கொஞ்சம் இறங்கி வருவார்.

2023-ல் வந்த 'சந்திரமுகி 2' பற்றி நீங்கள் கேட்கவில்லை. நன்றி.

நவராத்திரி தொடங்குவதற்குச் சில நாள் முன்னால் ஊருக்கு வந்தால் அவர்களையும் கூட்டிக்கொண்டு வாருங்கள் தம்பி. சரஸ்வதி பத்மநாபபுரத்திலிருந்து புறப்பட்டுத் திருவனந்தபுரம் போகும் நேரம், யானையும் கூட்டமுமாக இருக்கும். அரண்மனைக்குத் திங்கட்கிழமை விடுமுறை, அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
அக்கா