மான் மேய்ந்தாலும் அழியாத தீவனத் திட்டு போடுவது எப்படி?

மான்கள் வந்து மேய்வதற்கென்றே பயிரிடும் சிறு நிலத்துண்டுதான் தீவனத் திட்டு. அதற்காக அரை ஏக்கரில் சோயா விதைத்தேன், முளைத்த இரண்டே வாரத்தில் மான்கள் மொட்டையடித்துவிட்டன என்கிறீர்கள். தவறு பயிர்த் தேர்வில்தான். சோயா, தட்டைப்பயறு போன்றவற்றின் வளர்நுனி செடியின் உச்சியில் இருக்கிறது. இளம்பயிரை விதையிலைக்குக் கீழே கடித்துவிட்டால் மறுபடி துளிர்க்க அதில் கணுவே கிடையாது. சிறிய திட்டில் சோயாதான் வேண்டுமென்றால் முதல் ஆறு வாரமாவது மின்வேலி போட வேண்டும்.

வேலி இல்லாமல் தாங்குவது வெள்ளை குளோவர் என்ற பயறுவகைத் தீவனச் செடி. அதன் தண்டு தரையோடு படர்ந்து கணுவுக்குக் கணு வேர்விடும். மான் இலையை மட்டுமே எடுக்கும். கூடவே சிக்கரி என்ற கீரைவகைச் செடியைச் சேர்த்தால் ஆணிவேர் ஆழமாக இறங்குவதால் வறட்சியிலும் பச்சை இருக்கும்.

ஏக்கருக்கு குளோவர் 3 கிலோ, சிக்கரி 1 கிலோ, துணைப்பயிராக ஓட்ஸ் 20 கிலோ. ஓட்ஸ் சீக்கிரம் முளைத்து மேய்ச்சலைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். முதலில் ஓட்ஸைத் தூவி லேசாக மண் மூடுங்கள். பிறகு உருளையால் அழுத்தி, சிறு விதைகளை மேலே தூவி மீண்டும் உருட்டுங்கள். குளோவர் விதை அரை சென்டிமீட்டருக்கு மேல் புதைந்தால் சரியாக முளைத்து வராது. பலர் தோற்பது இங்கேதான். குளோவர் விதையோடு ரைசோபியம் (வேர்முடிச்சில் வாழ்ந்து காற்றின் நைட்ரஜனைச் செடிக்குத் தரும் பாக்டீரியா) கலக்க மறக்காதீர்கள். மண்ணின் அமிலகாரநிலை (pH) 6-க்குக் கீழே என்றால் சில மாதம் முன்பே சுண்ணாம்பு இடுங்கள்.

திட்டின் நடுவே ஒரு மீட்டர் அகலக் கம்பிவலைக் கூண்டு ஒன்று வையுங்கள். உள்ளே செழித்து வெளியே கட்டையாக இருந்தால் மேய்ச்சல் அதிகம். உள்ளேயும் நோஞ்சானாக இருந்தால் மானைத் திட்டாதீர்கள், மண்ணைச் சோதியுங்கள்.