பண்ணைப் பிறந்தநாள்: விலங்கு வேண்டாம், வேலை கொடுங்கள்

கேள்வி: மகனுக்கு ஒக்டோபர் கடைசியில் ஐந்து வயது நிறைகிறது. மாடு, ஆடு, கோழி என்றால் அவனுக்கு உயிர். வெள்ளவத்தையில் அடுக்குமாடியில் இருக்கிறோம். மொட்டைமாடியில் பின்னேரம் 4 மணிக்கு, 15 பிள்ளைகளோடு பண்ணை மாதிரிக் கொண்டாட யோசிக்கிறோம். கோழிக்குஞ்சு, முயல், வைக்கோல் எல்லாம் கொண்டுவரலாமா? எப்படி ஒழுங்குபடுத்துவது?

பதில்: முதலில் நேரத்தை மாற்றுங்கள். கொழும்பில் ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் காலை வெளிச்சமாக இருந்து, பின்னேரம் இடியோடு மழை கொட்டுவது வழக்கம். மின்னல் வெட்டும்போது மொட்டைமாடியில் பிள்ளைகள் நிற்கவே கூடாது. கீழே பொது மண்டபம் இருந்தால் அதை எடுத்துக்கொண்டு காலை 9.30க்கு அழையுங்கள், 11.30க்கு முடியுங்கள். ஐந்து வயதுக்கு இரண்டு மணித்தியாலம் தாராளம்.

கோழிக்குஞ்சும் முயலும் வேண்டாம். குஞ்சுகளிடமிருந்து, வயிற்றோட்டத்தை உண்டாக்கும் சல்மொனெல்லா கிருமி பிள்ளைகளுக்குத் தொற்றலாம். குஞ்சு துப்புரவாகத் தெரியும், ஆனாலும் எச்சத்திலும் இறகிலும் கிருமி இருக்கும். ஐந்து வயதுக்குக் குறைந்தவர்கள் குஞ்சைக் கையில் எடுக்கவே கூடாது என்பது பொதுவான மருத்துவ அறிவுரை. உங்கள் விருந்தாளிகளுக்குத் தம்பி தங்கைகளும் இருப்பார்கள். குஞ்சின் பக்கத்திலிருந்தும் பாருங்கள். பொரித்த முதல் வாரத்தில் அதற்கு 32 முதல் 35 பாகை வரை சூடு வேண்டும். குளிரூட்டி போட்ட மண்டபத்தில், 15 கைகள் மாறி மாறிப் பிடித்தால் அது தாங்காது. சாயம் பூசிய குஞ்சுகளைப் பரிசாகக் கொடுத்து அனுப்புவதை யாராவது யோசனை சொன்னால் தயவுசெய்து மறுத்துவிடுங்கள்.

வைக்கோலும் அப்படித்தான். தூசியால் இழுப்பு உள்ள பிள்ளைக்கு மூச்சு முட்டும், மற்றவர்களுக்குக் கை கால் அரிக்கும், கேக்கில் மெழுகுதிரி எரியும் மண்டபத்தில் அது பெரிய ஆபத்தும்கூட. அதற்குப் பதில் வெறும் சாக்குகளை உதறி, வெயிலில் காயவைத்து விரியுங்கள். கடைகளில் விற்கும் சிவப்புக் களஞ்சியப் படங்களை விட நம் ஊர் மாட்டுக்கொட்டில் அழகு. இரண்டு கிடுகுகளைச் சுவரில் பிள்ளைகளின் தலைக்கு மேலே கட்டுங்கள்; காய்ந்த ஓலை நுனி கண்ணில் குத்தும் என்பதால்தான் அந்த உயரம். கேக் மேசை அதற்கு எதிர்ப்பக்கத்தில் இருக்கட்டும். அலங்காரத்துக்கு இவ்வளவு போதும். பலூன் கட்டினால் வெடித்த துண்டுகளை உடனுக்குடன் பொறுக்குங்கள். எட்டு வயதுவரை அது தொண்டையில் அடைக்கக்கூடிய பொருள்.

பிள்ளைகளைப் பிடித்து வைப்பது கைவேலைதான். மூன்று வேலை போதும்.

பால் கறத்தல். குளிர்சாதனப் பெட்டி வந்த காட்போட் பெட்டியில் பசு வரைந்து, பின்னால் இரண்டு கதிரைகளுக்கு நடுவே ஒரு தடி வையுங்கள். மருத்துவக் கையுறையில் 300 மில்லிலீற்றர் திரவம் விட்டு, வாயை இறுகக் கட்டித் தடியில் தொங்கவிடுங்கள். அதற்கு மேல் நிரப்பினால் பாரத்தில் கையுறை நீண்டு கட்டு நழுவும். இறப்பர் ஒவ்வாமை உள்ளவர்கள் இருக்கலாம், ஆகவே நைட்ரைல் கையுறை நல்லது. நான்கு விரல் நுனியிலும் மெல்லிய தையல் ஊசியால் ஒரே ஒரு குத்து. துளை பெரிதானால் யாரும் கறக்காமலே ஒழுகித் தீரும். மெல்லச் சொட்டுவது பரவாயில்லை. ஒரு லீற்றர் நீருக்கு நான்கு மேசைக்கரண்டி பால் கலந்தால் வெள்ளை நிறம் வந்துவிடும். மா கரைத்துவிடாதீர்கள், அது அடியில் தங்கித் துளையை அடைக்கும். இந்தத் திரவத்தை யாரும் குடிக்காமல் ஒரு பெரியவர் பக்கத்தில் நிற்க வேண்டும். பால் ஒவ்வாமை உள்ள பிள்ளை வருகிறதா என்று முன்பே தாய்மாரிடம் கேட்டு, இருந்தால் வெறும் தண்ணீர் விடுங்கள். பிள்ளைகள் முதலில் இழுப்பார்கள், இழுத்தால் கிழியும். பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் மேலே இறுக்கி, மற்ற விரல்களை ஒவ்வொன்றாக மூடச் சொல்லுங்கள். உண்மையான பசுவையும் அப்படித்தான் கறப்பார்கள். இரண்டு கையுறை பக்கம் பக்கமாகத் தொங்கட்டும், மாற்றுவதற்கு இன்னும் ஆறு கைவசம் இருக்கட்டும்.

முட்டை பொறுக்குதல். ஓடக்கூடிய பெரிய பிள்ளை இருபது முட்டை எடுக்க, சின்னது வெறுங்கையோடு அழும். இதைத் தடுக்க ஒரு வழி: 30 முட்டை வைக்கும் கடதாசித் தட்டை நான்கு குழித் துண்டுகளாக வெட்டுங்கள். ஒரு தட்டில் ஆறு துண்டு வரும், மூன்று தட்டு வாங்கினால் 18. ஒளித்துவைக்க 60 பிளாஸ்டிக் முட்டை. நாலு குழியும் நிரம்பிய பிள்ளை உட்கார வேண்டும் என்பது ஒரே விதி. பிந்தி வருபவர்களின் பங்கை ஒரு கூடையில் தனியே எடுத்துவையுங்கள். 9.30க்கு அழைத்தால் பாதிப் பேர் 10 மணிக்குத்தான் வருவார்கள். அதனால் பால் கறத்தலை வாசலுக்கு அருகில் முதலில் வையுங்கள், முட்டையைப் பிறகு தொடங்குங்கள்.

விதை நடுதல்தான் இதில் மிகச் சிறந்தது, ஏனென்றால் அது வீட்டுக்குப் போய்த் தொடரும். கடையில் பைக்கற்றில் வரும் விதைகளில் சிலவற்றுக்கு இளஞ்சிவப்பு மருந்து தடவியிருப்பார்கள், அவை பிள்ளைகளின் கைக்குக் கூடாது. சமையலறைப் பயறே போதும். முந்தைய இரவு எட்டு மணித்தியாலம் ஊறவிட்டால் இரண்டு மூன்று நாளில் முளை மண்ணுக்கு மேல் தெரியும். ஐந்து வயதுப் பொறுமைக்கு இதற்கு மேல் காத்திருக்க வராது. பிளாஸ்டிக் கோப்பைகளின் அடியில் மூன்று துளை போடுங்கள். ஒவ்வொன்றும் சுமார் 200 மில்லிலீற்றர், 15 கோப்பைக்கு 3 லீற்றர் மண். மண்ணுக்குப் பதில் தென்னந்தும்புத்தூள் எடுக்கலாம்: கட்டி ஒன்று (650 கிராம்) நீரில் ஊறினால் 8 லீற்றர் அளவு வரும், எனவே ஒன்றே தாராளம். ஊறிய தூளைக் கையால் பிழிந்து பாருங்கள். நீர் வழிந்தால் விதை அழுகும், ஈரம் மட்டும் கையில் ஒட்டினால் சரி. ஒரு கோப்பைக்கு மூன்று பயறு, விரல் நகம் அளவு ஆழம். பயறை மூக்கில் போடும் வயது இது, ஆகவே பாத்திரத்தை மேசையில் வைக்காமல் பெரியவர் மூன்று மூன்றாக எண்ணிக் கொடுக்கட்டும். மேசைக்குக் கீழே தார்ப்பாய் விரித்தால் மண்டபத்தைக் கழுவும் சிரமமில்லை.

நேரம் மிஞ்சினால், புத்தாண்டில் யானைக்குக் கண் வைப்பதுபோல் பசுவுக்கு வால் வைக்கலாம். சாக்கோட்டம் வேண்டாம், ஓடு பதித்த தரையில் வழுக்கி விழுவார்கள்.

மூன்று வேலைக்கும் பிறகு கை கழுவுதல், அதன் பிறகே சாப்பாடு. குழாய் பொருத்திய 20 லீற்றர் கலன், சவர்க்காரம், கீழே ஒரு வாளி. 20 விநாடி தேய்க்க வேண்டும். சனிட்டைசர் மண் படிந்த கைக்கு வேலை செய்யாது.

அவித்த சோளப்பொத்தியை மூன்று துண்டாக்கிக் கொடுங்கள், வாழைப்பழம், கட்லட், இளநீர். கச்சானையும் முழுத் திராட்சையையும் இந்த வயதுக்கு மேசையில் வைக்காதீர்கள். சொசேஜ் வைத்தால் நீளவாக்கில் நாலாகப் பிளந்து வையுங்கள். கட்லட் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் வெளியில் இருக்கக்கூடாது, மண்டபம் புழுக்கமாக இருந்தால் ஒரு மணித்தியாலம்தான். கேக்குக்கு ஆளுக்கு 60 கிராம் கணக்கு: 15 பிள்ளைகளும் 20 பெரியவர்களும் என்றால் 2.1 கிலோ. நம் வெப்பத்தில் பட்டர் ஐசிங் தளர்ந்து சரியும். அதனால் வெட்டுவதற்குச் சற்று முன்னரே வெளியே எடுங்கள், அல்லது சாதாரணப் பட்டர் கேக்கின் மேல் பிஸ்கட் தூளை மண்போலத் தூவி ஒரு சின்னப் பிளாஸ்டிக் பசுவை நிறுத்துங்கள்.

கோப்பைகளை வீட்டுக்கு அனுப்பும்போது அடியில் தட்டு வைத்துக் கொடுக்காதீர்கள். அதில் தேங்கும் நீரில் டெங்கு நுளம்பு முட்டையிட்டால் ஒரு வாரம், பத்து நாளில் பறக்கும். பழைய துணி மேல் வைத்து, காலையில் இரண்டு மேசைக்கரண்டி நீர் விடச் சொல்லி ஒரு சின்னத் துண்டில் எழுதி ஒட்டிவிடுங்கள்.