கூடுதல் நேரத்துக்குக் காசு கிடையாது, சங்கத்தில் சேரலாமா?

ஆறு மணிக்கு முடிய வேண்டிய வேலை தினமும் எட்டரை வரை இழுக்கிறது, அதற்குக் காசும் இல்லை, சங்கத்தில் சேரலாமா என்று கேட்டால் கூட வேலை செய்பவர்களே ‘அது சோம்பேறிகள் கூடாரம்’ என்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். செய்த வேலைக்குக் கூலி கேட்பது சோம்பேறித்தனமா என்ன? எப்போதாவது ஓர் அவசரத்துக்கு உட்காருவது வேறு, புதிதாக ஆள் எடுக்காமல் இரண்டு பேர் வேலையை ஒருவர் தலையில் கட்டிவிட்டு அதற்கு ‘அர்ப்பணிப்பு’ என்று பெயர் வைப்பது வேறு. உங்களுடையது இரண்டாவது ரகம்.

முதலில் கணக்கு வேண்டும். வந்த நேரம், கிளம்பிய நேரம், யார் இருக்கச் சொன்னார்கள் என்பதை சொந்த நோட்டில் எழுதி வையுங்கள் (அலுவலகக் கணினியில் வேண்டாம், பிரச்சினை என்று வந்தால் முதலில் பூட்டப்படுவது அதுதான்). வாய்மொழியாகச் சொன்னால், ‘நீங்கள் சொன்னபடி எட்டரை வரை இருந்து அறிக்கையை முடித்துவிட்டேன்’ என்று ஒரு வரி மின்னஞ்சல் தட்டிவிடுங்கள். பணிவாகவும் இருக்கும், சாட்சியாகவும் இருக்கும்.

சரி, சங்கம். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1919-லேயே ஆலைத் தொழிலாளர்களுக்கு எட்டு மணி நேர வேலை, கூடுதல் நேரத்துக்குக் குறைந்தது ஒன்றேகால் மடங்கு கூலி என்று உடன்படிக்கை போட்டுவிட்டது. சங்கத்தில் சேர்ந்ததற்காக வேலையை விட்டுத் தூக்கக் கூடாது என்பது 1949-இன் 98-ஆவது உடன்படிக்கை. உங்கள் நாட்டுச் சட்டம் இதில் எவ்வளவை ஏற்றிருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். சந்தா வாங்கிக்கொண்டு தூங்குகிற சங்கங்களும் உண்டு, அதனால் சேருவதற்கு முன் கடைசியாக யாருக்குக் கூடுதல் நேரப் பணம் வாங்கிக் கொடுத்தார்கள் என்று நேராகவே கேளுங்கள்.