போஸ்ட்மார்ட்டத்தில் கல்லீரல்: நோய்க்குறியியல் மருத்துவரிடம் கேள்வி பதில்

கே: அண்ணன் மதுவைத் தொட்டதே இல்லை, சர்க்கரை நோய் உண்டு. விபத்தில் இறந்தார். போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட்டில் ‘ஸ்டீட்டோஹெபடைட்டிஸ், சிரோசிஸ்’ என்றிருக்கிறது. ஊரில் குடிகாரர் என்கிறார்கள்.

ப: முதலாவது கொழுப்பேறிய கல்லீரலில் அழற்சி, இரண்டாவது கல்லீரல் நார்த்தழும்பேறி இறுகிப்போவது. அந்த இரண்டு சொற்களை வைத்து யாரும் அப்படிச் சொல்ல முடியாது. மதுவால் கெட்ட கல்லீரலை நுண்ணோக்கியில் பார்த்தால் கொழுப்பேறி ஊதிப்போன செல்கள், அவற்றுக்குள் இளஞ்சிவப்பாய் மல்லோரி எனும் புரதத் திரள்கள், நாரைக் காட்டும் ட்ரைக்ரோம் சாயம் போட்டால் செல்களைச் சுற்றி நீல நிறத்தில் நார். சர்க்கரையாலும் உடல் பருமனாலும் கெட்ட கல்லீரலிலும் இதே காட்சிதான். வலி, மஞ்சள் காமாலை எதுவும் இல்லாமல் வளர்ந்த சிரோசிஸ் பிரேதப் பரிசோதனையில்தான் முதன்முதலாகத் தெரிவது அபூர்வமல்ல.

கே: தடயவியல் துறையில் இருக்கிறேன். மல்லோரி இருந்தால் மதுதான் என்று படித்திருக்கிறோம்.

ப: அது பழைய பாடம். வில்சன் நோயிலும், நாள்பட்ட பித்தத் தேக்கத்திலும் மல்லோரி வரும். ரத்தத்தில் ஆல்கஹால் பார்த்தாலும் கடைசியாகக் குடித்தது மட்டுமே தெரியும், பல வருடப் பழக்கம் தெரியாது. ஸ்லைடை (நுண்ணோக்கியில் பார்க்கும் திசுச் சீவலை) மட்டும் வைத்து ஒருவரின் வாழ்க்கையை எழுதாதீர்கள். வீட்டாரிடம் கேளுங்கள், பழைய ரத்தப் பரிசோதனைகளைத் தேடுங்கள்.

கே: அப்படியானால் மதுவை நிரூபிக்கவே முடியாதா?

ப: முடியும், ஸ்லைடோடு மற்ற சான்றுகளும் சேர்ந்தால். தனியாக ஸ்லைடு போதாது.

கே: அப்பா ரிப்போர்ட்டில் ‘ஃபேட்டி லிவர்’. அதனால்தான் இறந்தாரா?

ப: 5 சதவீதத்துக்கு மேல் செல்களில் கொழுப்பு இருந்தாலே எழுதிவிடுவோம். பெரும்பாலும் அது இறப்புக்குக் காரணம் ஆகாது.

கே: எலி பேஸ்ட் சாப்பிட்டவர் மறுநாள் நன்றாக இருந்தார், பிறகு இறந்தார். எப்படி?

ப: அந்த பேஸ்ட்டில் இருக்கும் மஞ்சள் பாஸ்பரஸ் என்ற விஷம். முதலில் வாந்தி, பிறகு ஓரிரு நாள் தேறியது போல் தோன்றும். அதற்குள் கல்லீரல் செல்கள் கூட்டமாகச் சாகும். மாற்று மருந்து கிடையாது. தேறிவிட்டார் என்று யாரையும் ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிப்போகாதீர்கள். அந்த டப்பாவை வீட்டில் வைக்கவே வேண்டாம்.

கே: இறந்து இரண்டு நாள் கழித்து எடுத்த ஸ்லைடில் செல்கள் சிதைந்திருக்கின்றன. ஹெபடைட்டிஸா (கல்லீரல் அழற்சியா)?

ப: அழற்சி செல்கள் வந்து சூழவில்லை என்றால், இறப்புக்குப் பின் தானாகக் கரைந்ததாக இருக்கலாம்.

கே: எனக்கு கல்லீரல் ரத்தப் பரிசோதனையில் எஸ்ஜிபிடி 62. என்ன மாத்திரை?

ப: கல்லீரல் மருத்துவரைப் பாருங்கள்.

கே: மாமாவுக்கும் ஃபேட்டி லிவர் என்று ரிப்போர்ட்டில் இருக்கிறது, குடியால்தானா?

ப: மேலே சொல்லிவிட்டேன். ஸ்லைடு மட்டும் போதாது.

கே: அண்ணன் பற்றிக் கேட்டவன்தான். இனி என்ன செய்யலாம்?

ப: அண்ணனின் கல்லீரல் திசு மெழுகில் பதித்த கட்டியாக இன்னும் இருக்கிறதா என்று கேளுங்கள், இருந்தால் வேறொருவர் மறுபடி பார்க்கலாம். சர்க்கரையும் கொழுப்பும் குடும்பத்தில் வரும். உங்களுக்கும் சர்க்கரை இருந்தால் இந்த மாதமே ஃபைப்ரோஸ்கேன் (கல்லீரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று ஊசியில்லாமல் பார்க்கும் ஸ்கேன்) எடுங்கள்.