திருவொற்றியூரா, மணலி புதுநகரா, மீஞ்சூரா?

கேள்வி: ராயபுரத்தில் 14,000 ரூபாய் வாடகை வீட்டில் இருக்கிறோம். எனக்குப் பாரிமுனையில் வேலை, மனைவிக்கு வண்ணாரப்பேட்டையில். இருவருக்கும் சேர்த்து மாதம் கைக்கு வருவது 85,000 ரூபாய். சேமிப்பு 14 லட்சம். மகள் மூன்றாம் வகுப்பு. கூட இருக்கும் அம்மாவுக்கு வீசிங் தொந்தரவு உண்டு. திருவொற்றியூர் தேரடி பக்கம் புது ஃபிளாட் 52 லட்சம், மணலி புதுநகரில் புது ஃபிளாட் 38 லட்சம், மீஞ்சூரில் தனி வீடு 40 லட்சம் சொல்கிறார்கள். எந்த ஏரியா நல்லது, எதை வாங்கலாம்?

பதில்: மூன்றையும் இப்போது வாங்க வேண்டாம். ஏன் என்று கணக்கோடு சொல்கிறேன்.

30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான வீட்டுக் கடனில், வீட்டு மதிப்பில் 80 சதவீதத்துக்கு மேல் வங்கி தராது. பத்திரச் செலவு இதில் சேராது, அது முழுக்க உங்கள் கைப்பணம். தேரடி ஃபிளாட்டுக்கு அதிகபட்சக் கடன் 41.6 லட்சம். மீதி 10.4 லட்சத்தோடு பத்திரச் செலவு 3.64 லட்சத்தைச் சேர்த்தால் 14.04 லட்சம். அலமாரி, இ.பி. டெபாசிட், வக்கீல் ஃபீஸ் எதற்கும் காசு மிஞ்சாது. 20 வருடம், 8.5 சதவீத வட்டி என்றால் இ.எம்.ஐ. சுமார் 36,100. உங்கள் வருமானத்தில் அது 42 சதவீதம். அம்மாவை ஒரு தடவை ஆஸ்பத்திரியில் சேர்த்தாலே தவணை தடுமாறும்.

பத்திரச் செலவில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. முதல் விற்பனையாக வரும் புது ஃபிளாட்டுக்கு முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்த்து 50 லட்சம் வரை 6 சதவீதம், அதற்கு மேல் 3 கோடி வரை 7 சதவீதம். தனி வீட்டுக்கும் கைமாறும் பழைய ஃபிளாட்டுக்கும் 9 சதவீதம். அதனால் மீஞ்சூர் வீட்டை முழு விலைக்குப் பத்திரம் போட்டால் 3.6 லட்சம் ஆகும். 52 லட்ச ஃபிளாட்டுக்கு ஆகும் கிட்டத்தட்ட அதே செலவு! தேரடி பில்டர் 50 லட்சத்துக்கு இறங்கி வந்தால் பத்திரத்திலேயே 64,000 ரூபாய் மிச்சம். பேரத்தில் இதை அவரிடமே சொல்லுங்கள்.

இனி ஏரியாவுக்கு வருவோம்.

மணலி புதுநகரை அம்மாவுக்காகவே பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். சுத்திகரிப்பு ஆலையும் உர, ரசாயனத் தொழிற்சாலைகளும் பக்கத்திலேயே இருக்கின்றன. வீசிங் உள்ளவருக்கு 14 லட்சம் குறைவு என்பது லாபமே இல்லை. தண்ணீரும் ஒரு காரணம். பூண்டி ஏரியைத் திறந்தால் அந்த வெள்ளம் கொசஸ்தலை ஆற்று வழியாக இந்தப் பக்கம்தான் வரும், 2021 நவம்பரில் புதுநகருக்குள்ளேயே புகுந்தது. ரயில் இல்லை, மெட்ரோ இல்லை. கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே பைக்கில் தினமும் போய்வருவதற்கு பெட்ரோலோடு முடியாது, நேரமும் உடம்பும் சேர்ந்து போகும்.

மீஞ்சூரில் புறநகர் ரயில் இருக்கிறது, சீசன் டிக்கெட் மலிவு. ஆனால் தாம்பரம் மார்க்கம்போல அடுத்தடுத்து வண்டி கிடைக்காது, ஒன்றை விட்டால் காத்திருக்க வேண்டும். அங்கே முதலில் பார்க்க வேண்டியது போர்வெல் தண்ணீர். பல வருடங்களாகக் கடல்நீர் நிலத்தடிக்குள் ஏறிய பகுதி அது. தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் ஒன்று வாங்கி, மழை முடிந்து மாதங்கள் கழித்து, ஏப்ரல்–மே மாதத்தில் அளந்து பாருங்கள். குடிநீருக்கு 500 வரை நல்லது, வேறு வழியே இல்லாவிட்டால் 2,000 வரை. அதைத் தாண்டினால் குழாயும் ஹீட்டரும் சீக்கிரம் கெடும், கேன் தண்ணீர்ச் செலவு மாதாமாதம் நிற்கும்.

மூன்றில் உங்களுக்குப் பொருந்துவது திருவொற்றியூர்தான். 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை மெட்ரோ வந்தபின் வண்ணாரப்பேட்டைக்கும் பாரிமுனைப் பக்கத்துக்கும் ஒரே வண்டி. ஆனால் இரண்டு வில்லங்கம். தியாகராஜ சுவாமி கோயிலுக்குச் சொந்தமான மனைகள் அங்கே நிறைய. சர்வே எண்ணை வாங்கி, பதிவுத் துறை தளத்தில் வழிகாட்டி மதிப்பைப் பாருங்கள். பூஜ்ஜியம் என்று காட்டினால் அது கோயில் மனையாக இருக்கலாம், அங்கேயே விட்டுவிடுங்கள். அடுத்தது, தெருவுக்குத் தெரு பள்ளம் மேடு மாறும். 2023 டிசம்பர் மிக்ஜாம் மழையில் தண்ணீர் எதுவரை ஏறியது என்று தெருமுனை மளிகைக்கடையில் கேளுங்கள். புரோக்கர் எப்போதும் "நம்ம தெருவுல நிக்காதுங்க" என்றுதான் சொல்வார். பக்கத்து வீடுகளில் இ.பி. மீட்டர் பெட்டியைத் தலை உயரத்துக்கு ஏற்றி வைத்திருந்தால் அதற்குக் காரணம் இருக்கும்.

என் யோசனை: தேரடி அல்லது காலடிப்பேட்டை மெட்ரோவுக்கு நடந்துபோகும் தூரத்தில் 11 மாத அக்ரிமென்ட்டில் வாடகைக்குப் போங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மழைக்காலம் அதற்குள் வரட்டும். அட்வான்ஸ் திரும்பும்போது வெள்ளையடிக்க எவ்வளவு பிடிப்பார்கள் என்பதை அக்ரிமென்ட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். 30,000 ரூபாய் இ.எம்.ஐ. இப்போதே ஓடுகிறது என்று நினைத்து, 14,000 வாடகை போக 16,000 ரூபாயை, மாதாமாதம் கட்டும் வங்கிச் சேமிப்பான ஆர்.டி.யில் போடுங்கள். 11 மாதத்தில் 1.76 லட்சம் சேரும். நடுவில் இரண்டு மாதம் கட்ட முடியாமல் போனால், கடன் உங்கள் சக்திக்கு மேல் என்று அப்போதே தெரிந்துவிடும்.

அதன்பின் தேடும் வீடு 43 லட்சத்துக்குள் இருக்கட்டும். கடன் 34 லட்சம், இ.எம்.ஐ. சுமார் 29,500. புது ஃபிளாட் என்றால் பத்திரத்தோடு கைப்பணம் 11.6 லட்சம் போதும். சேமிப்பில் இப்போதுள்ள 2.4 லட்சமும் ஆர்.டி. பணமும் அவசரத்துக்கு நிற்கும். இந்த விலையில் ஒரு பெட்ரூம் குறையலாம், மெட்ரோவிலிருந்து கொஞ்சம் தள்ளியும் இருக்கலாம். பரவாயில்லை. யு.டி.எஸ்., அதாவது மனையில் உங்கள் ஃபிளாட்டுக்கு வரும் பிரிக்கப்படாத பங்கு, எவ்வளவு சதுர அடி என்று மட்டும் கறாராகக் கேளுங்கள். கட்டடம் பழசானபின் விலை நிற்பது அந்த மனைப் பங்கில்தான்.

வீடு அமைந்தால் 30 வருட வில்லங்கச் சான்று, பட்டா, திட்ட அனுமதி வரைபடம், கட்டி முடித்த சான்று நான்கையும் வாங்கி வக்கீலிடம் கொடுங்கள். வரைபடத்தில் இருக்கும் மாடிகளைவிட நேரில் ஒரு மாடி கூடுதலாக இருந்தால், அந்த மாடி ஃபிளாட்டுக்கு வங்கி கைவிரித்துவிடும். டோக்கன் அட்வான்ஸ் 50,000 ரூபாயைத் தாண்ட வேண்டாம், ரொக்கமாகவும் வேண்டாம். வங்கியின் லீகல் ஒப்புதல் கிடைக்காவிட்டால் முழுத்தொகையும் 15 நாளில் திரும்ப வர வேண்டும் என்று அந்த ரசீதிலேயே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.