கலோரிக் கணக்கு எடையைக் குறைக்குமா?

கேள்வி: உடல் எடையைக் குறைப்பதற்காக, உண்பதை எல்லாம் கைப்பேசிச் செயலியில் குறித்து வருகிறேன். தொடக்கத்தில் எடை குறைந்தது; இப்போது அதே அளவு உண்டும் குறையவில்லை. இந்தக் கணக்கால் பயன் உண்டா?

பதில்: உண்டு. செலவாகும் ஆற்றலைவிட உட்கொள்ளும் ஆற்றல் குறைந்தால்தான் எடை குறையும். ஆனால், கணக்கு எங்கே தவறுகிறது என்று பாருங்கள். ஒரு கிராம் மாவுச்சத்திலும் புரதத்திலும் ஏறத்தாழ 4 கலோரி இருக்க, கொழுப்பில் 9 கலோரி இருப்பதால், கண்ணளவாக ஊற்றும் ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் மட்டுமே ஏறத்தாழ 120 கலோரியைச் சேர்த்துவிடும். பலரும் குறிக்கத் தவறுவது இதைத்தான். உணவைக் குறைத்தும் எடை குறையவில்லை என்றவர்களை ஆராய்ந்து 1992இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், அவர்கள் உண்டதைச் சராசரியாக 47 விழுக்காடு குறைத்துச் சொல்லியிருந்தது தெரியவந்தது. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். பார்வையாலேயே அளவை மதிப்பிடுவது யாருக்கும் கடினம்.

மேலும், எடை குறையக் குறைய உடலின் ஆற்றல் தேவையும் குறைவதால், முதலில் எடையைக் குறைத்த அதே உணவளவு, பின்னர் எடையை அப்படியே நிலைநிறுத்தும் அளவாகிவிடுகிறது. ஆகவே, இலக்கை இப்போதைய எடைக்கேற்பத் திருத்தி, இரண்டு வாரங்களேனும் சமையலறைத் தராசில் நிறுத்துக் குறியுங்கள். அளவு பழகிய பின் செயலி தேவைப்படாது. பசி தாங்கவில்லையெனில் புரதமும் நார்ச்சத்தும் மிகுந்தவற்றைக் கூட்டுங்கள். எண்களைப் பார்த்து உண்ணவே அஞ்சும் நிலை வந்தால் மட்டும், கணக்கை உடனே நிறுத்திவிட்டு மருத்துவரை அணுகுங்கள்.